வேறு துப்பாக்கியின் போல்ட்

தோரன்பெக் தன் துப்பாக்கியை விற்கப் போகிறான் என்ற செய்தி அக்டோபர் இரண்டாவது வாரத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்த ரகத் துப்பாக்கியைத் தொழிற்சாலைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பெஷ்-அதார் என்பார்கள். ஐந்து சுடுவது என்று பொருள். ஐந்து தோட்டா உள்ளே போகும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் பக்கத்தில் நீண்டிருக்கும் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். எண்பது வருடப் பழைய துப்பாக்கியும் எங்கள் குளிரில் நின்று சுடும். கெட்டுப்போவதற்கு அதில் பாகங்களே குறைவு.

செய்தி கேட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சல்கினாய் அவன் வீட்டு வாசலில் குதிரையைக் கட்டினாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஊரார் ஆடுகள் நானூற்றுப் பன்னிரண்டை மேய்ப்பவள். கணவன் நான்கு வருடமாக ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். போன குளிர்காலத்தில் மேட்டுச் சமவெளியில் முப்பத்தொரு ஆடுகளை ஓநாய் கொண்டுபோய்விட்டது. செப்டம்பரில் ஊர் கூடியபோது பெரியவர்கள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்கள்: இந்தக் குளிர்காலத்தில் பத்துக்கு மேல் போனால், வசந்தத்தில் மந்தை வேறு ஆள் கைக்குப் போகும். சல்கினாய் யாரிடமும் கெஞ்சவில்லை. மாவட்டத் தலைநகருக்குப் போனாள், மருத்துவச் சான்று எடுத்தாள், காவல் நிலையத்தில் மூன்று முறை வரிசையில் நின்றாள், துப்பாக்கி வாங்குவதற்கான அனுமதிச் சீட்டோடு திரும்பினாள். அந்தச் சீட்டு சனிக்கிழமை வரைதான் செல்லும். ஆனால் வியாழக்கிழமையே அவள் மந்தையை ஓட்டிக்கொண்டு கணவாய் ஏறியாக வேண்டும், அதற்குப் பிறகு பனி பாதையை மூடிவிடும். பள்ளத்தாக்கில் விற்பனைக்கு இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி.

தோரன்பெக் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. துப்பாக்கியை ஒரு மூலையிலிருந்தும் போல்ட்டை இன்னொரு மூலையிலிருந்தும் எடுத்து வந்து கம்பளத்தின் மேல் வைத்தான். இரண்டையும் சேர்த்து வைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. திருடன் வந்தாலும் பாதிதான் கிடைக்கும்.

சல்கினாய் உடனே விலை கேட்கவில்லை. எல்லைக் காவல் முகாமின் ஆயுதக் கிடங்கில் ஒன்பது வருடம் பதிவேடு எழுதியவள் அவள். குழலின் பின்வாய் வழியாக ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள். புரிகள் கூர்மையாக, சுத்தமாக இருந்தன. பையிலிருந்து மருந்தில்லாத ஒரு தோட்டாவை எடுத்து, அதன் மூக்கைக் குழலின் முன்வாயில் செருகிப் பார்த்தாள். தேய்ந்த குழலாக இருந்தால் பித்தளைக் கூடு வரைக்கும் மூழ்கிவிடும். இது பாதியிலேயே நின்றது. பிறகு போல்ட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். அதில் வெட்டியிருந்த எண்ணும் குழலில் வெட்டியிருந்த எண்ணும் ஒன்றுதான். ஆனால் குழலின் எண்ணில் 4 என்ற இலக்கத்தின் தலை திறந்திருந்தது, போல்ட்டின் எண்ணில் மூடியிருந்தது. எண்ணைச் சுற்றி இரும்பு லேசாகக் குழிந்தும் இருந்தது.

"போல்ட்டு இதோடதுதானா, பைகே?" என்றாள். அண்ணன் முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நம்பரு வெட்டியிருக்கே. படிக்கத் தெரியாதா உனக்கு?"

"படிச்சேன். அதான் கேக்கறேன்."

"கண்ணு உன்னோடது, சாமான் என்னோடது. பாரு."

குதிரையோ ஜீப்போ துப்பாக்கியோ, ஒருவர் கைபட்ட பொருளுக்கு எங்கள் ஊர்ச் சட்டம் இதுதான். வாங்குகிறவன் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்கிறவன் பொய் சொல்லக்கூடாது, அதற்காக வாயைத் திறந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

"பாத்துட்டேன். எனக்கு வேணும். என்ன குடுக்கணும், சொல்லுங்க."

"உனக்கு இல்ல, தங்கச்சி."

"ஏன்?"

"பொம்பள கையில துப்பாக்கியக் குடுத்தா ஓநாய் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வாயத் தொறந்தா குறி வைக்க வசதி."

தோரன்பெக்குக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். ஏரிச் சாலையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுதி நடத்துகிற குபானிச், துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு பெண் குதிரை தருவதாகச் சொல்லியிருக்கிறான், இரண்டு வயதுக் குதிரை என்றான். தன் குதிரை போன வருடம் செத்ததையும் சொன்னான்.

"குபானிச்சா? அவனுக்குப் போல்ட்ட எந்தப் பக்கம் இழுக்கணும்னு தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்? கூடத்துச் சுவத்துல மாட்டப் போறான். ரெண்டு பக்கமும் கொம்பு, நடுவுல துப்பாக்கி. ஜெர்மன்காரன் போட்டோ எடுப்பான்."

சல்கினாய் எழுந்தாள். போகும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். வலது புருவத்தில் பாதி இல்லை.

"புருவம் எங்க போச்சு, பைகே?"

"அடுப்புல."

திங்கட்கிழமையும் வந்தாள், செவ்வாய்க்கிழமையும் வந்தாள். இரண்டு நாளும் அதே கேள்வி, அதே பதில். செவ்வாயன்று அவள் தன் யாக் காளையையே விலையாகச் சொன்னாள். பள்ளத்தாக்கில் அதற்கு இணையான காளை கிடையாது, இரண்டு குதிரை பெறும். தோரன்பெக் வேண்டாம் என்று தலையாட்டினான். அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் உறுதியானது. குதிரை ஆசையில் ஒருவன் காளையை வேண்டாம் என்பானா? இந்த ஆள் எதையோ சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறான்.

புதன்கிழமை காலை, பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். குபானிச் துப்பாக்கிக்கு மாற்றாகத் தரப்போகும் செம்பழுப்பு நிறப் பெண் குதிரையைப் பிடித்துக்கொண்டு, தோல் கையுறையால் அதன் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். சல்கினாய் மலைக்கு வேண்டிய மாவு மூட்டைகளைக் கடைக்காரர் பெக்போவிடம் எண்ணி வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

தோரன்பெக் இரவல் குதிரையில், காதுமூடித் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, எதிர்க்காற்றில் தலையைக் கவிழ்த்தபடி பாலத்தின் மேல் வந்தான். துப்பாக்கியை வெறுமனே கொண்டுவந்தால் காவலர்கள் கேள்வி கேட்பார்கள். அதனால் அதை மலையாட்டுத் தோலில் சுற்றி, சேணத்தின் பின்வாரில் கட்டியிருந்தான். வேட்டைக்காரன் அடித்ததைக் கட்டுகிற வார் அது.

சல்கினாய் மாவு மூட்டையைக் கீழே போட்டாள். சாலையின் நடுவில் போய் நின்றாள்.

"ஷிரல்கா, பைகே!" என்று கத்தினாள்.

தோரன்பெக் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கட்டிக்கோ!" என்றான்.

கடை வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். குபானிச்சின் கை குதிரையின் கழுத்திலேயே இருந்தது. தோரன்பெக் இன்னும் நாலு அடி வந்த பிறகுதான் கடிவாளத்தை இழுத்தான். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் அவன் காதுக்கு எட்டியிருக்க வேண்டும்.

ஷிரல்கா என்பது எங்களிடம் விளையாட்டுச் சொல் இல்லை. வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் பார்க்கிற யாரும் அதைச் சொல்லலாம். சொன்னால் சேண வாரில் இருப்பதை அவன் கொடுத்தாக வேண்டும். முழு ஆடே போனாலும் முகம் சுளிக்கக்கூடாது. மறுத்தவன் குழலுக்கு முன்னால் பிறகு எந்த விலங்கும் நிற்காது என்பார்கள். தோரன்பெக் ஐம்பது வருடம் இந்தச் சொல்லுக்கு, எடுத்து உன் சேணத்தில் கட்டிக்கொள் என்ற இந்தப் பதிலைச் சொன்னவன். யார் கேட்டாலும், தூக்கத்தில் கேட்டாலும், அவன் நாக்கு அதைச் சொல்லிவிடும்.

முதலில் பேசியது குபானிச்தான். "என்னம்மா இது? அது கறிக்குச் சொல்றது! துப்பாக்கிக்கு யாராவது ஷிரல்கா சொல்வாங்களா?"

"வார்ல என்ன கட்டியிருக்கோ அதுக்குச் சொல்றது," என்றாள் சல்கினாய். "கறின்னு யாரு சொன்னா?"

"தோலு சுத்தியிருக்கே," என்றார் பெக்போ. "தோலும் வேட்டைதானே?"

"அப்ப தோல மட்டும் அவுத்துக் குடுங்க, பைகே!" என்றான் குபானிச்.

"ஏய் குபானிச், நீ ஆட்டக் குடுத்தா தோல மட்டும் உரிச்சுக் குடுத்துட்டுக் கறிய வச்சுப்பியா?" என்றார் பெக்போ.

எல்லாரும் சிரித்தார்கள். தோரன்பெக் சிரிக்கவில்லை. குதிரை மேலேயே உட்கார்ந்திருந்தான். குபானிச் அவன் காலருகே போய்க் குரலைத் தாழ்த்தினான். "பைகே, அவ விளையாட்டுக்குச் சொன்னா, நீங்களும் விளையாட்டுக்குச் சொன்னீங்க. சிரிச்சுட்டு எறங்குங்க. குதிரை இந்தா நிக்குது."

அது நல்ல வழிதான். சிரித்துவிட்டு இறங்கியிருந்தால் யாரும் அவனைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டோம். குளிர்காலம் முழுக்கக் கேலி செய்திருப்போம், அவ்வளவுதான்.

தோரன்பெக் இறங்கினான். வாரை அவிழ்த்தான். தோல் சுருளை இரண்டு கையிலும் ஏந்தினான். ஆனால் நீட்டவில்லை.

"கொடுக்கறதுன்னா சொல்லிட்டுத்தான் கொடுக்கணும்," என்றான்.

இதுவும் வழக்கம்தான். அடித்ததைக் கொடுக்கும்போது குண்டு எங்கே பட்டது, பித்தப்பை உடைந்ததா, எத்தனை நேரம் வெயிலில் கிடந்தது என்று கொடுக்கிறவன் சொல்ல வேண்டும். விற்கிற இறைச்சிக்கு வாங்குகிறவன் மூக்கு பொறுப்பு, கொடுக்கிற இறைச்சிக்குக் கொடுக்கிறவன் வாய் பொறுப்பு. கெட்ட கறியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டவனோடு யாரும் அடுத்த வேட்டைக்குப் போக மாட்டார்கள்.

"போல்ட்டு இதோடது இல்ல," என்றான் தோரன்பெக்.

சல்கினாய் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கும் என் தம்பிக்கும் ஒரே மாதிரி ரெண்டு பெஷ்-அதார். ரெண்டு போல்ட்டும் ஒரே மாவுப் பையில கெடக்கும். தம்பி செத்தப்புறம் அவன் துப்பாக்கியக் காவல் நிலையத்துல ஒப்படைக்கச் சொன்னாங்க. அவசரத்துல பைக்குள்ள கையவிட்டு, கெடைச்ச போல்ட்டப் போட்டுக் குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா என் கையில இருக்கறது அவனோடது. திரும்பிப் போனேன். அதுக்குள்ள அறுத்துக் காயலாங்கடைக்குப் போட்டுட்டாங்க." தோல் சுருளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். "பழைய நம்பர ராவிட்டு என் நம்பர நானே வெட்டினேன். பொருந்தற மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள இடைவெளி இருக்கு. சுட்டா தோட்டாக் கூடு அடியில வீங்கும். மூணு வருஷம் முன்னாடி ஒண்ணு கிழிஞ்சிடுச்சு. நெருப்பு பின்னால வந்துச்சு." புருவத்தைத் தொட்டுக் காட்டினான். "அதுக்கப்புறம் நான் சுடல."

குபானிச்சுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"கேக்கலன்னா? என் வீட்டுக்கு வர்ற விருந்தாளி ஒருத்தன் எடுத்துச் சுட்டிருந்தா?"

"சுவத்துல மாட்டப்போறேன்னு நீதானே சொன்னே? சுவரு சுடாது." பிறகு குரல் இறங்கியது. "அது தப்புதான். ராத்திரி அத நெனச்சேன். உன்கிட்டயும் சொல்லியிருக்கணும்."

குபானிச் தன் குதிரையில் ஏறி, பெண் குதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏரிச் சாலை வழியாகப் போனான். நல்ல குதிரை. தோரன்பெக் அது வளைவு திரும்பும் வரைக்கும் பார்த்தான்.

பிறகு சல்கினாய் பக்கம் திரும்பினான். "இப்ப வேணாம்னு சொல்லிடு. எனக்குக் கோவம் இல்ல."

"எனக்குத் தரமாட்டேன்னு மூணு நாளா நின்னீங்களே, இதுக்குத்தானா?"

"நீ சுடுவே," என்றான் தோரன்பெக். "வாங்கின அன்னைக்கே சுடுவே. உன் கண்ணு போனா நானூறு ஆட்ட யாரு பாப்பா?"

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? ஓநாய் சிரிக்கும், நரி ஆடும்னு!"

"சொன்னா ஊரு முழுக்கத் தெரியும். குதிரை போயிடும்."

"போயிடுச்சே."

"ஆமா. போயிடுச்சு."

சல்கினாய் இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்க. குழல் நல்லா இருக்கு. எனக்குத் தெரியவேண்டியது போல்ட்டு எங்கேந்து வந்துச்சு, என்ன பண்ணுச்சுங்கறதுதான். தெரிஞ்சா சரி பண்ணலாம். தெரியாததத்தான் சரி பண்ண முடியாது. அதுக்குத்தான் ஷிரல்கா சொன்னேன், பைகே. ஓசியில வாங்கறதுக்கு இல்ல."

"வேணும்னே சொன்னியா?"

"மூணு நாள் கேட்டேன். நாலாவது நாள் வேற மாதிரி கேட்டேன்."

பெக்போ தன் தொப்பியைக் கழற்றி மாவு மூட்டையில் அடித்துச் சிரித்தார்.

அங்கிருந்து இரண்டு பேரும் நேராக ஓர்மோனின் பட்டறைக்குப் போனார்கள். பழைய கூட்டுப்பண்ணையின் டிராக்டர் கொட்டகை அது. ஓர்மோன் கடைசல் வேலை செய்பவன். டிராக்டரை விடத் துப்பாக்கிகள்தான் அவனிடம் அதிகம் வரும். அவன் போல்ட்டைப் பார்த்தான், தோரன்பெக்கைப் பார்த்தான்.

"இந்த நாலு நீங்க வெட்டினதா, பைகே?"

"ஏன்?"

"என் பேத்தி இதவிட நல்லா எழுதுவா."

பெஷ்-அதாரின் போல்ட்டில் முனைத் துண்டு தனியாகக் கழலும். தோட்டாவின் அடியை அழுத்திப் பிடிப்பது அதுதான். ஒவ்வொரு துண்டும் மயிரிழை நீளம் கூடும், குறையும். ஓர்மோனிடம் ஊறுகாய் ஜாடி நிறைய அந்தத் துண்டுகள் இருந்தன, உடைத்துப் போட்ட துப்பாக்கிகளிலிருந்து சேர்த்தவை. மருந்தில்லாத தோட்டாவின் அடியில் மெல்லிய செப்புத் தகட்டை வட்டமாக வெட்டி ஒட்டினான். பழைய துண்டோடு போல்ட்டை மூடினான். மூடியது. இன்னொரு தகடு ஒட்டினான். அதற்கும் மூடியது. மூன்றாவதற்கும் மூடியது, உள்ளே அவ்வளவு இடைவெளி.

"இதோட சுட்டீங்களா? புருவத்தோட விட்டுச்சே," என்றான்.

ஒவ்வொரு துண்டாக மாட்டிப் பார்த்தார்கள். தகட்டைச் சல்கினாய் வெட்டினாள், ஓர்மோன் மாட்டினான், தோரன்பெக் துடைத்துக் கொடுத்தான். எட்டாவது துண்டு தகடில்லாமல் வெண்ணெய் போல மூடியது. ஒரு தகடு வைத்ததும் நின்றுவிட்டது. ஓர்மோன் போல்ட்டைப் பிடித்து அழுத்தினான். அசையவில்லை.

"இதான்."

"சொல்லாதீங்க. சுடுங்க," என்றாள் சல்கினாய்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு டிராக்டர் சக்கரத்தோடு துப்பாக்கியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். விசையில் நீளமான நூலைக் கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று இழுத்தார்கள். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் சல்கினாய்தான் போய்ப் போல்ட்டைத் திறந்து கூட்டை எடுத்தாள். ஐந்து கூடுகளையும் அங்கே நின்ற ஒரு ஜீப்பின் முன்மூடியில் வரிசையாக வைத்து, அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். வீக்கம் இல்லை, கீறல் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு தோரன்பெக்கும் பார்த்தான். ஒன்றை மட்டும் மறுபடி எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான்.

"அழுக்கு," என்றாள் சல்கினாய்.

"தெரியுது," என்றான். ஆனாலும் சட்டையில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தான்.

ஆறாவது தோட்டாவை அவளே தோளில் வைத்துச் சுட்டாள். நூறு அடி தள்ளி நின்ற எண்ணெய் டப்பா கவிழ்ந்தது. தோரன்பெக் சுவருக்குப் பின்னால் ஒதுங்காமல் அவள் பக்கத்திலேயே நின்றான்.

மாலை நான்கு மணிக்கு மாவட்டக் காவல் நிலையத்தில் பெயர் மாற்றினார்கள். போல்ட்டின் கதையைத் தோரன்பெக்கே சொன்னான். ஆய்வாளர் அவனை அரை மணி நேரம் திட்டினார், ஓர்மோனைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். விலை என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டபோது, கோடு போடச் சொன்னான் தோரன்பெக். ஷிரல்காவுக்கு விலை சொல்லக்கூடாது. சல்கினாயும் மறுத்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை விடிந்து அவன் வெளியே வந்தபோது அவன் பட்டியில் சல்கினாயின் யாக் காளை நின்றிருந்தது. மந்தை அதற்குள் கணவாயின் பாதி உயரம் போய்விட்டது. அவன் வேலியில் ஏறி நின்று கையை வாயருகே குவித்துக் கத்தினான். "இது என்ன இது?"

மேலிருந்து அவள் குரல் மெல்லிசாக வந்தது. "காளை!"

டிசம்பர் மாதம் இருபத்தோரு நாள் பனி கொட்டியது. மேட்டுச் சமவெளியில் கைபேசிக்கு இணைப்பு கிடைப்பது ஒரே ஒரு பாறையின் மேல்தான். அங்கே ஏறுவதற்குச் சல்கினாய்க்கு இரண்டு மணி நேரம் ஆகும். அவள் கூப்பிட்டபோது தோரன்பெக் கடையில் எங்களோடு உட்கார்ந்திருந்தான். சத்தமாக வைக்கச் சொன்னோம்.

"சுட்டியா?" என்றான்.

"மூணு."

"கூடு எப்படி இருக்கு?"

"பைகே, ஓநாய் என்னாச்சுன்னு கேளுங்க முதல்ல."

"அது கெடக்கட்டும். கூட்ட எடுத்துப் பாத்தியா? அடியில நகத்தால தடவினியா?"

"தடவினேன். மூணும் சுத்தமா இருக்கு. ஓநாய் ரெண்டுதான் கொஞ்சம் கெட்டுப்போச்சு."

பெக்போ மேசையைத் தட்டினார். ஆடு எத்தனை போனது என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். அவள் நான்கு என்றாள், எல்லாம் நவம்பரிலேயே போனவை, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றாள். காற்று அதிகமாகிக் குரல் அறுந்து அறுந்து வந்தது. தோரன்பெக் கைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு, அடுத்த முறை சுட்டாலும் கூட்டைத் தூக்கி எறியக்கூடாது, வசந்தத்தில் எல்லாவற்றையும் தன்னிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று மூன்று முறை சொன்னான். இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.